ஆணியில் தொங்கிய கத்திரிக்காய்

என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை முதலில் பார்த்தது என் பனியனைத்தான்.

அவிநாசிப் பக்கத்திலிருந்து இரண்டு கார் நிறைய ஆட்கள் வந்து, திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர்கள் மழையைப் பற்றியும் நூல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காபித் தட்டோடு குனிந்தேன். மாப்பிள்ளை டம்ளரை எடுக்கவில்லை. என் தோளையே உற்றுப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் தோள்பட்டைத் தையலைப் பிடித்து லேசாக இழுத்தார்.

"தம்பி, இங்க ஸ்டிச் விட்டிருக்குது பாருங்க. இன்னொருக்கா தொவைச்சாப் பிரிஞ்சுரும்."

சபையில் பேச்சு நின்றுபோனது. கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா சிரித்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். பனியன் அடுத்த துவையலில் பிரிந்துபோனதும் உண்மைதான்.

அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்கு இன்சார்ஜ். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேசைமேல் விரித்து, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் பிசகியிருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற இடம் அது. குவாலிட்டி கன்ட்ரோல் என்பதைச் சுருக்கி, ஊரே அவரைக் கியூசி என்றுதான் கூப்பிட்டது. நான் முகத்துக்கு நேரே மாமா என்றும் முதுகுக்குப் பின்னால் கியூசி என்றும் சொல்லிக்கொண்டேன். மற்றவர்கள் தோளில் துண்டு போடுவதுபோல அவர் கழுத்தில் எந்நேரமும் அளவெடுக்கும் இஞ்ச் டேப் கிடக்கும். எந்தப் பொருளையும் திருப்பிப் பார்க்காமல் அவர் கை சும்மா இருக்காது. விருந்தில் வடையைத் திருப்பிப் பார்ப்பார். வாழை இலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கிழிசல் தேடுவார். என்னுடையது கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி கொடுக்கும் வியாபாரம். என் கடைக்கு வந்தால் உட்காரக்கூட மாட்டார். பெட்டியின் மூலையைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "என்ன மாப்பளை, மூலை இப்படித் தொவளுது?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது, முகம் சுளிக்காது. கோபம் முழுவதும் நமக்குத்தான் வரும்.

அக்காவின் சமையலை மட்டும் அவர் திருப்பிப் பார்த்து நான் கண்டதில்லை. ஒரே ஒருமுறை பார்த்திருப்பார், அதன் பிறகு தைரியம் வந்திருக்காது என்பது என் ஊகம்.

பிறகு, வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒரு ஷிப்மென்ட் திரும்பி வந்தது. அந்த அடியில் கம்பெனி படுத்து, கடைசியில் மூடிவிட்டார்கள். மாமா தன் தோட்டத்துக்குத் திரும்பினார். கிணறும் போர்வெல்லும் உள்ள நல்ல தோட்டம். அதுவரை அவருடைய அப்பா அதில் கத்திரி, தக்காளி, வெண்டை, புடலை என்று போட்டு, காலையில் பறித்து மொபெட்டில் சந்தைக்குக் கொண்டுபோய், விற்றதை விற்றுவிட்டு மிச்சத்தை வழியில் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு வருவார். பெரியவர் அதைப் பண்ணையம் என்பார். மாமா அதைக் கம்பெனி ஆக்கப்போவதாகச் சொன்னார். காய்கறியைக் கூறு கட்டி விற்காமல், பெட்டி போட்டு, நேரத்துக்கு, நேராக விடுதிகளுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் கொடுப்பது திட்டம்.

முதல் வேலையாக, மூடின கம்பெனியிலிருந்து பழைய செக்கிங் மேசையை வாங்கி வந்தார். மேலே டியூப்லைட் தொங்கும் அதே நீள மேசை. தோட்டத்துச் சாளை வீட்டில், மாட்டுக் கொட்டகையை ஒட்டின ஓட்டுக் கூரைக்குக் கீழே அதைப் போட்டார். மேசையோடு, அந்த மேசையில் வருடக்கணக்காக நின்ற பெண்களையும் கூட்டி வந்தார். சரசக்காதான் அவர்களுக்குத் தலைவி. கம்பெனி மூடியதும் கிடைத்த கூலிக்குப் போய்ச் சிதறிக் கிடந்தவர்கள். மாமா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, "இந்தக் கம்பெனி மூடாதுங்க. நம்பி வாங்க" என்று சொன்னாராம். அவர் வாழ்க்கையில் சரிபார்க்காமல் கொடுத்த ஒரே வாக்கு அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியவர் மேசையைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார்.

"ஏப்பா, காய் பாக்கறதுக்குப் பகல்ல எதுக்கு லைட்டு? சூரியன் லீவுங்களா?"

"ஷேட் தெரியோணுமுங்கப்பா."

பனியனில் ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் நிறம் கொஞ்சம் மாறினாலும் ஷேட் என்று ஒதுக்குவார்கள். தக்காளிக்கும் அதே சட்டம். ஒரு பெட்டிக்குள் எல்லாத் தக்காளியும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும். கத்திரிக்காய் ஸ்மால், மீடியம், லார்ஜ். வெண்டைக்காய்க்கு இஞ்ச் டேப் வைத்து நீளம். புடலங்காய் நேராக வளர நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவது எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கற்களை எடை போட்டு ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். கட்டின கல்லைக் கண்டுகொள்ளாமல் வளைந்த புடலங்காயை ரிஜெக்ட் என்று சொல்லி மாட்டுக்குத் தள்ளுவார். ஒட்டிப் பிறந்த இரட்டைத் தக்காளியைப் பார்த்தால், அதைக் காய்த்த செடியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போகிறவர்போல நிற்பார்.

சாம்பிள் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடியாது.

கம்பெனியில், சரக்கு வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட பீஸை மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டி வைப்பார்கள். அதுதான் சாம்பிள். மேசைக்கு வரும் ஒவ்வொன்றும் அதைப்போலவே இருக்க வேண்டும். மாமா தோட்டத்திலேயே சிறந்த மீடியம் கத்திரிக்காய் ஒன்றைத் தேடிப் பறித்து, காம்பில் நூல் கட்டி, சாளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். "இந்தச் சாம்பிளைத் தாண்டி ஒரு பீஸ் போகக்கூடாது" என்று சரசக்காவிடம் சொல்லிவிட்டு, மடத்துக்குளத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் விருந்து, மறுவீடு என்று நாள் இழுத்துவிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் பளபளவென்ற கத்திரிக்காய் எல்லாம் மாட்டுக்கு முன்னால் குவிந்து கிடக்கிறது. பாஸான பெட்டியில் சுருங்கி, தோல் வதங்கின காய்களாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார்கள்.

"என்னங்க சரசக்கா இது?"

"சாம்பிளைப் பாருங்க சார், காயைப் பாருங்க சார். ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசம் இருக்குதுங்களா?"

மாமா ஆணியைப் பார்த்தார். சாம்பிள் கத்திரிக்காய் வாடி வதங்கி, குனிந்து தரையைப் பார்த்தபடி தொங்கியது. சரசக்கா முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நிஜமாகவே அப்படிச் செய்தார்களா, கிண்டலுக்குச் செய்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்ட்டுங்க. சாம்பிளை டெய்லி மாத்தோணும்" என்றார். அதிலிருந்து தினமும் காலையில் பறிப்பு முடிந்ததும், இருப்பதிலேயே அழகான கத்திரிக்காயைத் தேர்ந்து புதிதாக நூல் கட்டி மாட்டுவது அவர் வழக்கமாயிற்று. பெரியவர் அதற்கு ஒரு பொட்டும் பூவும் வைக்கச் சொன்னார்.

அந்த வருடம் எங்கள் சுற்று வட்டாரத்திலேயே நன்றாகத் தின்ற ஜீவன் அந்த மாடுதான். கத்திரி, வெண்டை, தக்காளி, பிஞ்சு அவரை என்று அதற்கு நாளும் விருந்து. வைக்கோலைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மாமா, பேசாம மாட்டையே பையரா வெச்சுக்கலாமுங்க. ரிட்டர்ன் வராது, கம்ப்ளைண்ட் வராது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார்.

நான் கிளம்பும்போது அக்கா வண்டி வரைக்கும் வந்தாள்.

"அவியளை அப்படிப் பேசாத கண்ணு. உனக்குத் தெரியாது."

அப்போதுதான் சொன்னாள். திரும்பி வந்த அந்த ஷிப்மென்ட் குழந்தைகளுக்கான பனியன். ஒன்றின் மடிப்புக்குள் தையல் ஊசியின் உடைந்த முனை இருந்திருக்கிறது. சரக்கு போய் இறங்கின வெளிநாட்டுக் கிடங்கிலேயே கண்டுபிடித்துவிட்டதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சரக்கு மொத்தமும் திரும்பிவிட்டது. அனுப்புவதற்கு முன்னால் கடைசி லாட்டை இன்னொருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மாமா கேட்டிருக்கிறார். முதலாளி அவர் தோளில் தட்டி, "கண்டெய்னர் நிக்குது, விடப்பா" என்றிருக்கிறார். மாமா விட்டுவிட்டார்.

"அன்னைலிருந்து எதையும் விட முடியறதில்லை அவியளுக்கு" என்றாள் அக்கா. "ராவைக்குத் தூக்கத்துல கூடத் தலகாணியத் தடவிப் பாக்கறாங்க."

எனக்குச் சங்கடமாகப் போயிற்று. அதற்காகக் கிண்டலை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அக்கா அதற்குள் வேறொரு காரியம் ஆரம்பித்திருந்தாள். மாடு தின்றது போக மிஞ்சின ரிஜெக்ட் காயை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. என்னிடம் பெட்டி வாங்கி அதில் அடுக்கி, சாயங்காலங்களில் மாமா டவுனுக்குப் போகும் நேரம் பார்த்து, கம்பெனிகள் விடும் நேரத்துக்கு மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்பில் கடை போட்டாள். சரசக்காவும் மற்ற பெண்களும் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு கை கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுநாள் கடை. மாமா கேட்டால் அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்பாள். முதலில் யாரும் வாங்கவில்லை. வளைந்த காயை யார் வாங்குவார்கள்? அப்புறம் அக்கா ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் காய்கறி.'

திருப்பூர்க்காரனுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் என்றால் நல்ல சரக்கு, ஏதோ ஒரு நூல் பிசகினதால் மலிவாகக் கிடைக்கிறது என்று எங்களுக்கு ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. கூட்டம் மொய்த்தது. பீகார்ப் பையன்கள் தக்காளியைத் தூக்கிக் காட்டி, "தீதி, எக்ஸ்போர்ட் மால்?" என்று அக்காவிடம் இந்தியில் சரக்கை உறுதிப்படுத்திக்கொண்டு வாங்கினார்கள்.

இந்தப் பக்கம் மாமாவின் கம்பெனி திணறிக்கொண்டிருந்தது. அவருக்கு இருந்த ஒரே பெரிய ஆர்டர் ஒரு மில்லின் பெண்கள் விடுதி. அதை வைத்துத்தான் மேசைப் பெண்களுக்குக் கூலி. தோட்டம் நிறையக் காய்த்தும், மேசையைத் தாண்டினது பாதிதான். பாதி லோடுதான் போயிற்று. கடைசியில் வார்டனம்மா போனில் சொல்லிவிட்டார்: திங்கட்கிழமை முழு லோடு வரவில்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். மேசையைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் அது கேட்டது. கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கம்பெனி மூடின அன்று இப்படித்தான் நின்றோம் என்று சரசக்கா பின்னால் என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என் கடைக்கு வந்தார். முதல்முறையாகப் பெட்டியை அழுத்திப் பார்க்கவில்லை.

"மாப்பளை, விடுதி வரைக்கும் வண்டில கூட்டிட்டுப் போறீங்களா? நேர்ல போயி ஒரு மாசம் டைம் கேக்கறேன்."

போனோம். மதியச் சாப்பாட்டு நேரம். வார்டனம்மா மரியாதை தெரிந்தவர், சாப்பிடாமல் பேச விடமாட்டேன் என்றார். இலையில் எண்ணெய்க் கத்திரிக்காய். மாமா மன வருத்தத்தில் எதையும் திருப்பிப் பார்க்காமல் சாப்பிட ஆரம்பித்தவர், நிமிர்ந்தார்.

"கத்திரிக்காய் வெகு ருசிங்க."

"உங்களுது இல்லீங்க சார். நீங்க பாதிதானுங்களே அனுப்பறீங்க. மீதிக்கு நம்ம சமையக்காரம்மா பஸ் ஸ்டாப்புல ஒரு கடைல வாங்கறாங்க. எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்டாம். பறிச்ச அன்னைக்கே வந்துருதாம். உங்களுது பொட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்குது, ஆனா வர்றக்குள்ள ஒருநாள் பழசாயிருதுங்க. புள்ளைக ரிஜெக்ட்டைத்தான் கேக்குதுக."

நான் குனிந்த தலை நிமிராமல் ரசம் கேட்டேன். மாமா இலையை மடக்கினார். "எந்த பஸ் ஸ்டாப்புங்க?" என்று மட்டும் கேட்டார்.

வழி நெடுக அவர் ரோட்டோரக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்கு வேறு பாதையில் வண்டியைத் திருப்பிவிடலாமா என்றிருந்தது. பெட்ரோல் இல்லை என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். மீட்டர் முள்ளைப் பார்த்துவிடுவார்.

கடையில் நல்ல கூட்டம். மாமா நேராகப் போய், முதலில் இருந்த பெட்டியின் மூலையைக் கட்டை விரலால் அழுத்தினார்.

"மாப்பளை, இது உங்க பொட்டி."

அக்கா தராசைக் கீழே வைத்தாள். சரசக்காவும் மற்றவர்களும் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கம்பெனியில் நிற்பதுபோல வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"நாந்தானுங்க ஆரம்பிச்சேன். அவியளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா.

மாமா அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். வளைந்த புடலங்காய் ஒன்றை எடுத்தார். தடவிப் பார்த்தார். வைத்தார். சரசக்காவிடம் திரும்பினார்.

"இதுல ஏதாச்சும் கம்ப்ளைண்ட் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க சார்."

அவர் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். அந்த ஊசி கிடைத்த செய்தி வந்த அன்றும் இப்படித்தான் ஆகியிருப்பார்.

"என்னன்னு?"

"பத்தலைன்னு."

நடந்தது எதுவும் தெரியாத ஒரு வடநாட்டுப் பையன் இரட்டைத் தக்காளி ஒன்றை மாமாவுக்கு நேரே நீட்டி, "பாய்சாப், எக்ஸ்போர்ட்?" என்றான். மாமா வாங்கினார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், ஒட்டின இடத்தில் நகத்தால் வருடிப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை. தக்காளிக்குள் தக்காளிதான் இருந்தது. பையன் கையில் அதைத் திருப்பி வைத்து, "பாஸ்" என்றார். சரசக்கா முகத்தைத் திருப்பி, பச்சை மிளகாய் பட்டுவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அன்று மிளகாய் விற்கவில்லை. அவரைக் கிண்டல் செய்ய ஒரு வார்த்தைகூட அகப்படாத நேரம் என் வாழ்வில் அது ஒன்றுதான்.

இப்போது அந்த பஸ் ஸ்டாப்புக்கு எதிரிலேயே சொந்தக் கடை இருக்கிறது. சுற்றுத் தோட்டத்துக்காரர்களும் அங்கேதான் காய் கொண்டுவந்து போடுகிறார்கள். சரசக்காவின் மேசையில் இன்னும் ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். கடையில் இரண்டு வரிசை: முதல் தரம் ஒரு பக்கம், எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஒரு பக்கம். ரிஜெக்ட்தான் முதலில் தீர்கிறது. அது தீர்ந்துபோகும் நேரங்களில், மாமா நல்ல காயையே கொஞ்சம் எடுத்து ரிஜெக்ட் பக்கம் கொட்டிவிடுகிறார் என்று அக்கா சொல்லிச் சிரிக்கிறாள். நான் வியாபாரத்தை ஈரோட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். மாமாவை விசேஷங்களில் பார்ப்பதோடு சரி. பார்த்த உடனே கை என் சட்டைக் காலருக்குத்தான் வரும்.

ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு முன்னால் வந்து நிற்பது, அந்த 'பாஸ்' சொன்னதற்கு மறுநாள் திங்கட்கிழமைக் காலைதான். விடுதி லோடுக்கு டெம்போ வேண்டும் என்று கேட்டதால் அதோடு நானும் போயிருந்தேன். பறித்த காய் பறித்தபடி மேசைக்கு வந்தது. அழுகலும் புழுவும் மட்டும் ஒதுங்கின. வளைந்தது, குட்டையானது, ஷேட் மாறினது எல்லாம் பெட்டிக்குள் போயிற்று. மாமா பார்க்கச் சகிக்காமல் மேசைக்கு முதுகைக் காட்டி நின்றார். பெட்டிகள் டெம்போவில் ஏற ஏற, பக்கத்துக் கொட்டகையில் மாடு கத்த ஆரம்பித்தது. அதற்கு அன்று வெறும் வைக்கோல்தான். ஒரு வருடமாக விருந்து தின்ற மாடு, விடுமா?

மாமா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சுவரோரம் போய், அன்றைய சாம்பிள் கத்திரிக்காயை ஆணியிலிருந்து எடுத்தார். நூலை அவிழ்த்தார். பழக்கம் விடாமல் ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, மாட்டின் முன்னால் வைத்தார்.

மாடு மோந்தது. மூக்கால் அதை இந்தப் பக்கம் ஒரு புரட்டு, அந்தப் பக்கம் ஒரு புரட்டு புரட்டிப் பார்த்தது. தின்னாமல் தலையைத் திருப்பிக்கொண்டது.

"ரிஜெக்ட்டுங்க சார்" என்றாள் சரசக்கா.

முதலில் பெரியவர் சிரித்தார். அப்புறம் மேசைப் பெண்கள். அக்கா சாளை வாசலில் நின்று, கதவுக்குப் பின்னாலிருந்து அன்று சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தாள். அதைக் கேட்டுத்தானோ என்னவோ, மாமாவும் சிரித்தார். கழுத்தில் இஞ்ச் டேப் குலுங்க, கண்ணில் நீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தார். அத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

சிரித்து முடித்து டெம்போவுக்குப் போனார். கடைசிப் பெட்டியின் மேல் கை நின்றது. மூலையை அழுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பின்கதவைச் சாத்தி, இரண்டு தட்டுத் தட்டினார்.

"விடப்பா" என்றார் டிரைவரிடம்.